உங்களுக்குத் தெரியுமா? - 1858-ல் மதுரைக்கு வந்த கேமரா

● தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளை 1858-லேயே படம் பிடித்து ஒரு சுருளாக ஒட்டிவைத்திருக்கிறார்கள். சுருளின் நீளம் சுமார் 19 அடி. கேமராவைச் சுவரோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வைத்து எடுத்த 21 படங்களை ஓரம் ஒட்டிச் சேர்த்தது அது. இன்று செல்போனை வீசி 'பனோரமா' எடுக்கிறோமே, அதற்குக் கொள்ளுப்பாட்டன் என்று சொல்லலாம். எடுத்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப்.

அந்தக் கல்வெட்டுகளில் இருப்பது ராஜராஜன் கணக்கு. தான் கொடுத்தது, தன் அக்காள் குந்தவை கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன மன்னன் அவன். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்கள் 400 பேருடைய பெயர்கூட அந்தச் சுவர்களில் உண்டு. ஜெர்மானிய அறிஞர் ஹுல்ஷ் இந்தத் தஞ்சைக் கல்வெட்டுகளைப் படித்து அச்சில் கொண்டுவரத் தொடங்கியது 1891-ல். அதாவது, கல்வெட்டு நூல் வருவதற்கு 33 வருடம் முன்பே கல்வெட்டின் படம் தயார். ஒரு ராணுவ அதிகாரி, ஒரு வரிகூட விட்டுப்போகாமல் பிடிக்கப் பாடுபட்டிருக்கிறார் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

● டிரைப்புக்குப் புகைப்படம் தொழில் அல்ல. 1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். பதின்பருவத்திலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து, 1840-ல் இங்கே வந்து இறங்கினார். பத்து வருட உத்தியோகத்துக்குப் பிறகு நீண்ட விடுப்பில் ஊருக்குப் போனபோதுதான் கேமரா கைக்கு வந்தது. லண்டனில் 1853-ல் புகைப்படச் சங்கம் தொடங்கியதும் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டார். 1854-ல் பெங்களூருக்குத் திரும்பியபோது பெட்டியோடுதான் திரும்பினார்.

● முதல் பெரிய வேலை கர்நாடகத்தில். 1854 டிசம்பரில் ஹளேபீடு, பேலூர் ஹொய்சளக் கோயில்கள். அரசாங்கம் யாரும் கேட்கவில்லை, சொந்த ஆர்வம். கூடப் போனவர் நீல் என்ற ராணுவ மருத்துவர், அவருக்கும் இதே கிறுக்கு. அடுத்த ஆண்டு சென்னைக் கண்காட்சியில் டிரைப் 68 படங்களை மாட்டினார். நடுவர்கள் அவருக்கு முதல் இடம் கொடுத்தார்கள்.

● கம்பெனிக்குக் கோயில் படம் எதற்கு? பக்தியும் இல்லை, கலை ஆர்வம் மட்டும் என்றும் சொல்ல முடியாது. பழைய கட்டடங்களைப் பதிவு செய்ய அதுவரை ஓவியர்களை வைத்து வரைந்துகொண்டிருந்தார்கள். ஓவியர் மாதக்கணக்கில் வரைவார். அவர் வரைந்தது கோயிலில் இருப்பதுதானா, அவர் கற்பனையா என்பது வேறு பிரச்சினை. கேமரா செலவு குறைவு, பொய்யும் குறைவு என்று 1850களின் நடுவில் லண்டன் இயக்குநர்கள் முடிவுகட்டினார்கள். பம்பாய்ப் பக்கம் கேப்டன் பிக்ஸ் என்பவரை இதே வேலைக்கு வைத்தார்கள். ஆளும் நிலத்தில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போடும் வேலையில் இதுவும் ஒரு பகுதி.

● 1855-ல் பர்மா மன்னர் மிண்டோனின் தலைநகர் அமரபுராவுக்கு கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். தலைவர் ஆர்தர் ஃபேர். குழுவில் ஓர் ஓவியரும் உண்டு, ஒரு புகைப்படக்காரரும் உண்டு. ஓவியர் கோல்ஸ்வொர்தி கிராண்ட், காது கேளாதவர், வாய் பேசாதவர். பிறகு கல்கத்தாவில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கியவர். புகைப்படக்காரர் நம் டிரைப். ஒரே காட்சியை ஒருவர் பென்சிலாலும் இன்னொருவர் வெள்ளி உப்பாலும் பிடித்தார்கள். தூது மட்டும் பலிக்கவில்லை. கம்பெனி பிடித்துக்கொண்ட கீழ்ப் பர்மாவை விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்துப் போட மிண்டோன் மறுத்துவிட்டார்.

● பர்மாவில் மழைக்காலம். உடல்நிலையும் சரியில்லை. அப்படியும் 200-க்கு மேல் நெகடிவ்களோடு வந்தார். அதில் 120 படங்களைத் தேர்ந்தெடுத்து, 50 செட் அச்சிட்டுக் கொடுத்தார். பெருக்கிப் பாருங்கள்: 6,000 பிரிண்ட். இயந்திரத்தில் அச்சானவை அல்ல. ஒவ்வொன்றையும் நெகடிவோடு சேர்த்து வெயிலில் வைத்து எடுத்தவை.

● இப்போது சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் அமரபுராவின் ஊ பெய்ன் மரப்பாலம் அந்த 120-ல் ஒன்று. டிரைப் எடுத்தபோது பாலத்துக்கு வயது ஐந்தாறுதான். பாகானின் ஆனந்தா கோயில், ரங்கூன் ஷ்வேடகோன், 1839 நிலநடுக்கத்தில் விரிசல் விட்ட மிங்குன் பகோடா, எல்லாம் உண்டு. அமரபுரா நகரமோ அடுத்த சில வருடங்களில் காலியானது. மிண்டோன் தலைநகரை மாண்டலேவுக்கு மாற்றிவிட்டார். தலைநகராக இருந்த அமரபுராவைப் பார்க்க இன்று கையில் இருப்பவை கிராண்டின் ஓவியங்களும் டிரைப்பின் படங்களும்தான் என்றால் பெரிய மிகை இல்லை.

● அன்றைய நெகடிவ் ஃபிலிம் அல்ல, காகிதம். மெல்லிய காகிதத்தில் தேன்மெழுகை உருக்கி ஊற விட்டு, ஒளி ஊடுருவும்படி ஆக்குவார்கள். பிறகு அயோடைடு கரைசல், அதன்மேல் வெள்ளி நைட்ரேட். காயவைத்து எடுத்துப் போகலாம். படம் எடுத்துவிட்டு, மாலையோ மறுநாளோ கேலிக் அமிலத்தில் கழுவி உருவத்தை வரவழைக்கலாம். பிரெஞ்சுக்காரர் லெ கிரே 1851-ல் வெளியிட்ட முறை இது.

அதே காலத்தில் கண்ணாடித் தகட்டு முறையும் வந்துவிட்டது. படம் துல்லியமாக வரும். ஆனால் மருந்து ஈரம் காய்வதற்குள் எடுத்து, அங்கேயே கூடாரத்துக்குள் கழுவியாக வேண்டும். பங்குனி வெயிலில் தஞ்சாவூரில் இருட்டுக் கூடாரத்துக்குள் ஈதர் வாடையோடு நிற்பதை நினைத்துப் பார்த்தால், டிரைப் பெரும்பாலும் காகிதத்தைப் பிடித்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. காகிதத்துக்கும் தொல்லை இல்லாமல் இல்லை. நம் ஊர் சூட்டில் மெழுகு இளகும்.

இன்னொன்று. அன்று படத்தைப் பெரிதாக்கும் வசதி இல்லை. நெகடிவ் என்ன அளவோ, பிரிண்ட் அதே அளவு. சுவரில் மாட்டும்படி பெரிய படம் வேண்டுமானால் அவ்வளவு பெரிய நெகடிவ் வேண்டும், அதைப் போடப் பெரிய பெட்டி வேண்டும். டிரைப்பின் பிரிண்டுகள் ஏறத்தாழ 10 அங்குலத்துக்கு 14. கேமராவை ஒற்றை ஆள் தோளில் மாட்டிக்கொண்டு போயிருக்க முடியாது. மாட்டு வண்டிதான்.

● டிரைப்பின் படங்களில் ஊரே காலியாகத் தெரியும். கோயில் வாசலில் பூக்காரி இல்லை, பிச்சைக்காரர் இல்லை, மாடு இல்லை. ஏதோ ஊரடங்கு போட்ட மாதிரி. காரணம் ரசாயனம். வெளிச்சம் பதிய நிமிடக்கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். கல் நகராது, பதியும். நடந்து போகிறவர் கரைந்துவிடுவார். அசையாமல் உட்கார்ந்தவர்கள் மட்டும் அங்கங்கே மிஞ்சியிருக்கிறார்கள்.

ரசாயனம் மட்டும்தானா என்று கேட்டால், இல்லை என்பேன். வேண்டுமென்றால் நாலு பேரை நிறுத்தி வைத்து எடுத்திருக்கலாம். கோயிலைக் கட்டடமாகப் பார்க்க வந்தவருக்குக் கும்பிட வருகிறவர்கள் மறைப்பாகத் தெரிந்திருப்பார்கள். படத்தின் அடியில் ஊர்ப் பெயர் இருக்கும், கட்டடத்தின் பெயர் இருக்கும். தப்பித்தவறி உள்ளே அகப்பட்ட மனிதருக்குப் பெயர் கிடையாது.

● அந்தப் படங்களில் வானத்தில் திரளும் மேகங்களை ரசிக்கிறீர்களா? பலவும் கையால் வரைந்தவை. அன்றைய மருந்துக்கு நீல நிறம் என்றால் வெறி. வானம் சீக்கிரம் அளவுக்கு மீறிப் பதிந்து, பிரிண்டில் வெறும் வெள்ளையாக வரும். டிரைப் நெகடிவின் பின்புறம் வண்ணம் தீட்டி மேகம் உண்டாக்கினார். காற்றில் ஆடி மங்கிப்போன மர இலைகளையும் இதே போலத் தொட்டுத் திருத்தினார். 'போட்டோஷாப்' செய்த படம் என்று இப்போது குறை சொல்கிறவர்கள் 1855-ஐ ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

● சென்னை மாகாண அரசு 1856-ல் டிரைப்பை அரசுப் புகைப்படக்காரராக நியமித்தது. அப்போது ஆளுநர் ஹாரிஸ். டிரைப் தெற்கு நோக்கிப் புறப்பட்டது 1857 டிசம்பரில். வடக்கே 1857 கலகத்தில் லக்னோ இன்னும் பற்றி எரிந்துகொண்டிருந்த நேரம். இங்கே ஒரு கம்பெனி கேப்டன் மாட்டு வண்டியில் மெழுகுக் காகிதத்தோடு ராயக்கோட்டை மலைக்கோட்டையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சேலம் மாவட்டம், ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று சுற்றிவிட்டு 1858 கோடையில் சென்னை போய்ச் சேர்ந்தார்.

● அதே 1858-ல் லக்னோவில் ஃபெலிச்சே பியாட்டோ என்ற இன்னொரு புகைப்படக்காரர் சிக்கந்தர் பாக் மாளிகை முற்றத்தில் சிதறிக் கிடந்த எலும்புக்கூடுகளைப் படமெடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே நாடு, ஒரே வருடம் என்று நம்பக் கஷ்டமாக இருக்கும்.

● மதுரைக்காரர்கள் கவனத்துக்கு: ஜனவரி, பிப்ரவரி 1858-ல் எடுத்த மதுரைப் படங்கள் மட்டும் நாலு பாகங்களாக வந்தன. முதல் மூன்று பாகங்களுக்கும் குறிப்பு எழுதியவர் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாதிரியார் டிரேசி.

வைகையின் வடகரையிலிருந்து ஊரைப் பார்த்து ஒரு படம். ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வான தரைப்பாலம் மட்டும். நாம் 'மேம்பாலம்' என்று சொல்லும் ஆல்பர்ட் விக்டர் பாலம் திறந்தது 1889-ல்தான். அதற்கு முப்பது வருடம் முந்தைய வைகை இது. இன்னொரு படம் யானைமலையின் முனைப் பக்கம். மலை அப்படியே இருக்கிறது, சுற்றிலும்தான் வீடு முளைத்துவிட்டது.

திருமலை நாயக்கர் மகாலை டிரைப் எடுத்தபோது அது பாழடைந்து கிடந்தது. ஆளுநர் நேப்பியர் செப்பனிடச் சொன்னதெல்லாம் அதற்குப் பிறகு, 1860களின் கடைசியில். இன்று நாம் ஒலி-ஒளிக் காட்சி பார்க்கும் மகாலில் பழையது எது, நேப்பியர் காலத்து வேலை எது என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால் டிரைப்பின் படங்கள்தான் சாட்சி.

புது மண்டபத்தின் பக்கத் தாழ்வாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேற்குப் பக்கமாக நின்று நீளவாக்கில் எடுத்திருக்கிறார். வெளியிலிருந்து வரும் வெயில் தூண்களுக்கு இடையே விழ, செதுக்கிய தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகின்றன. தரை வெறிச்சென்று இருக்கிறது. தையல் மெஷின் சத்தமும் பாத்திரக் கடையும் புத்தகக் கடையுமாகப் புது மண்டபத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வேறு ஊர் மாதிரிதான் தெரியும். எனக்கு டிரைப் எடுத்த மதுரைப் படங்களில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன்.

மண்டபத்துக்குக் கிழக்கே முடியாமல் நிற்கும் ராய கோபுரத்தையும் விடவில்லை. மீனாட்சி கோயில் நகைகளைக்கூட எடுத்திருக்கிறார். மாணிக்கம் எது, மரகதம் எது என்று கறுப்பு வெள்ளையில் கண்டுபிடிப்பது உங்கள் சாமர்த்தியம்.

● மதுரை விளக்குத்தூணும் அந்தத் தொகுப்பில் உண்டு. பத்துத் தூணுக்குப் பக்கத்தில், ஜவுளி வாங்க வருகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காத அதே விளக்குத்தூண்தான். கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. 1840களில் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை வெளியே விரியவிட்டவர் அவர். அந்த வேலையில் கூட இருந்த மாரட், பெருமாள் மேஸ்திரி இருவரும் இன்றும் தெருப் பெயர்களாக இருக்கிறார்கள். கோட்டையை இடித்தவருக்கு வைத்த தூணையே பழங்காலக் கட்டடங்களோடு சேர்த்து எடுத்துவைத்ததில் கம்பெனி புத்தி தெரிகிறது.

● லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் அமராவதி பௌத்தச் சிற்பங்கள் 1859-ல் சென்னையிலிருந்து கப்பலேறியவை. குண்டூர்ப் பக்கம் வால்டர் எலியட் 1845-ல் தோண்டியெடுத்து, சென்னைக்குக் கொண்டுவந்தவை. கப்பலேறுவதற்கு முந்தைய வருடம் டிரைப் அவற்றை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். எழும்பூர் மியூசியத்தின் பொருள்களும் சேர்ந்து மொத்தம் 75 படங்கள். சிற்பம் போய்விட்டது, போனதற்கான ரசீது மாதிரி படம் இருக்கிறது.

● இத்தனை ஆயிரம் பிரிண்டும் ஒற்றைக் கையால் ஆனவை அல்ல. டிரைப்பின் உதவியாளர்களில் பெயர் தெரிந்தவர் சி. ஐயாசாமி. பிறகு சென்னைத் தொழிற்கலைப் பள்ளியில் புகைப்பட வேலை செய்தவர். டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-ல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் இன்றைய எழும்பூர் கவின்கலைக் கல்லூரி. தமிழ்நாட்டுப் புகைப்படக்காரர்கள் வரலாற்றை யாராவது எழுத உட்கார்ந்தால் முதல் அத்தியாயத்தில் ஐயாசாமிக்கு நாலு பக்கமாவது ஒதுக்க வேண்டும்.

● அவ்வளவு அருமையான வேலை எப்படி நின்றது? பணம். 1857 கலகம் கஜானாவைத் துடைத்துவிட்டது. 1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், இது நமக்குக் கட்டுபடியாகாத ஆடம்பரம் என்று சொல்லிப் புகைப்படப் பிரிவை இழுத்து மூடினார். அயர்லாந்துப் பஞ்சத்தில் நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவர் என்று பெயர் வாங்கிய அதே டிரெவெலியன்தான். வேடிக்கை என்னவென்றால், கல்கத்தா கொண்டுவந்த புது வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக 1860-ல் அவரையே லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது.

● டிரைப் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. பட்டாளத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். பல வருடம் கழித்துப் பர்மாவில் பணியாற்றும்போது சில படங்கள் எடுத்தார், அவ்வளவுதான். கௌரவ மேஜர் ஜெனரலாக ஓய்வு. 1902-ல், பிறந்த டெவன்போர்ட்டிலேயே காலமானார். புகைப்படக்காரராக அவர் முழுமூச்சாக உழைத்தது மொத்தம் ஆறு வருடத்துக்குள்.

● அவர் விட்ட இடத்தில் 1867-68-ல் எட்மண்ட் லயன் வந்தார். மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் எல்லாம் மறுபடி படமாயின, இந்த முறை கண்ணாடி நெகடிவில். 1869-ல் சாமுவேல் போர்ன். நாட்டிங்ஹாமில் வங்கி குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு இமயமலைக்குக் கேமரா தூக்கிய ஆள். அவர் பெயரில் கல்கத்தாவில் நடந்த 'போர்ன் அண்ட் ஷெப்பர்ட்' ஸ்டூடியோ 2016 வரை திறந்திருந்தது. போர்னின் படங்கள் கடையில் விற்க எடுத்தவை, பார்த்தவுடன் கண்ணைப் பறிக்கும். டிரைப்பின் படம் அப்படிப் பறிக்காது. ஆனால் ஒரு தூணுக்கு எத்தனை பட்டை, ஒரு சுவரில் எத்தனை வரி என்று எண்ண வேண்டுமானால் டிரைப்பிடம்தான் போக வேண்டும்.

● நூறு வருடத்துக்கு மேல் ஆய்வாளர்கள் தவிர யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. 2014-15-ல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம், நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம், லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் மூன்றும் அடுத்தடுத்து டிரைப்புக்குத் தனிக் கண்காட்சி நடத்தின. மதுரையும் தஞ்சாவூரும் பர்மாவும் கண்ணாடிச் சட்டத்துக்குள் அங்கே ஊர்வலம் போய்வந்தன. படங்கள் பிறந்த ஊர்களில் இப்படி ஒரு கண்காட்சி நடத்த மதுரை, தஞ்சாவூர் மாநகராட்சிகள் முன்வரலாம்.

● பார்க்க ஆசைப்படுகிறவர்கள் விமானம் ஏற வேண்டாம். மேலே சொன்ன மியூசியங்களின் இணையதளங்களில் டிரைப்பின் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நல்ல அளவில் பெரிதாக்கியும் பார்க்கலாம். தேடும்போது நம் ஊர்களுக்கு வெள்ளைக்காரர் வைத்த பழைய எழுத்துக்கூட்டலைப் போட்டுத் தேடுங்கள்: மதுரைக்கு 'Madura', தஞ்சைக்கு 'Tanjore', ஸ்ரீரங்கத்துக்கு 'Seringham', புதுக்கோட்டைக்கு 'Poodoocottah'.

● கடைசியாக ஒரு வேண்டுகோள். டிரைப்பின் படங்கள் இன்று பயன்படுவதற்குக் காரணம், எது எந்த ஊர், எந்த மண்டபம், எந்தத் திசையிலிருந்து எடுத்தது என்று அவர் ஒவ்வொன்றுக்கும் தலைப்புப் போட்டு வைத்ததுதான். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துத் தேரோட்டப் படமோ, இடிந்துபோன பழைய வீட்டின் படமோ இருந்தால், விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பின்பக்கம் ஊரும் வருடமும் ஆட்களின் பெயரும் எழுதிவையுங்கள். மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம். முன்பக்கம் தடம் விழும், மையும் ஊறும்.